கண்ணில் விழும் பூவுக்குக் கணக்கு உண்டா?

தோவாளைப் பக்கம் கன்னிப்பூ அறுவடை நடக்கும் காலம். ஆடிக் காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றைப் பற்றி நாஞ்சில் நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. களத்தில் ஒரு பெண் பதர் தூற்றிக் கொண்டிருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் இயந்திரம் இறங்க முடியாத வயலும், வைக்கோல் உதறுகிற வேலையும், முறத்தில் புடைக்கிற வேலையும் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. காற்று சற்றே திசை மாறுகிறது. ஒரு நெல் சுணை அவள் கண்ணில் விழுகிறது.

அவள் என்ன செய்வாள்? முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றிக் கொள்வாள். பக்கத்தில் நிற்பவள் இமையை விரித்துப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா, போயிட்டு" என்பாள். வேலை தொடரும். இராத்திரி கண் உறுத்தும். தாய்ப்பால் விடச் சொல்வார் ஒருவர். விளக்கெண்ணெய் விடச் சொல்வார் இன்னொருவர். மறுநாள் கண் சிவக்கும். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து. ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் போகும்போது கருவிழியின் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று ஊர் சொல்லும்.

நாஞ்சில் நாட்டில் பூ என்றால் நெல்லின் போகம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு. எந்தப் பூவில் ஏக்கருக்கு எத்தனை கோட்டை கண்டது என்று பழைய விவசாயிகள் விரல் விட்டுச் சொல்வார்கள். கண்ணில் விழுகிற பூவுக்குத்தான் கணக்கு இல்லை.

சென்னையில் பேரன்

அந்தப் பெண்ணுக்கு ஒரு பேரன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கினான். பிறகு சில மாதம் "மெடிக்கல் கோடிங்" என்ற பயிற்சிக்குப் போனான். இப்போது சென்னையில் உத்தியோகம். கன்னியாகுமரி ஜில்லாவில் இப்படிப் பிள்ளைகள் இருக்கிற வீடு இன்று புதுமையல்ல.

என்ன வேலை அது? அமெரிக்காவில் ஒருவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் எழுதிய குறிப்பு கம்ப்யூட்டர் வழியாகச் சென்னைக்கு வருகிறது. அதைப் படித்து, வியாதிக்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அந்த நாட்டு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே வழக்கில் இருக்கும் எண் புத்தகத்தில் வியாதிகளுக்கு மட்டும் சுமார் 70,000 எண்கள். கருவிழியில் புண் என்றால் அங்கே ஒரே எண் இல்லை. நடுவில் உள்ள புண்ணா, ஓரத்திலா, வளையம் போலப் படர்ந்ததா, சீழ் தேங்கியதா, ஓட்டை விழுந்துவிட்டதா என்று தனித்தனி எண்கள். காளான் கிருமியால் வந்த புண் என்றால் அதற்குத் தனியே எச் 16.06. அதிலும் வலது கண் என்றால் கடைசியில் 1, இடது கண் என்றால் 2, இரண்டு கண்ணும் என்றால் 3.

முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கருக்கு இடது கண்ணில் காளான் புண் என்று பேரனுக்கு நிச்சயமாகத் தெரியும். "எச் 16.062" என்று பிழையில்லாமல் எழுதுவான். பிழைத்தால் மேலதிகாரி விடமாட்டார். ஊரில் ஆச்சிக்கு எந்தக் கண்ணில், எதனால் புண் வந்தது என்பது எங்கே எழுதியிருக்கிறது? அவள் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும். மிஞ்சினால் "கருவிழிப் புண்" என்று ஒரு சொல் இருக்கும்.

டாக்டர் கேட்காமல் இல்லை. "பாட்டி, கண்ணில் என்ன பட்டது?" என்று கேட்கிறார். "நெல்லு சுணை பட்டுது சாரே. செவ்வாக்கிழமை களத்துல நிக்கும்போ" என்று அவளும் சொல்கிறாள். அந்தப் பதில் காற்றோடு போய்விடுகிறது. காகிதத்தில் ஏறுவதில்லை.

சாவுக் கணக்கில் பிறந்த புத்தகம்

வியாதிகளுக்கு எண் போடுகிற வழக்கம் அமெரிக்காவின் சொத்து அல்ல. ழாக் பெர்டிலான் என்ற பிரெஞ்சுக்காரர், மரணத்துக்கான காரணங்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தயாரித்தார். 1893-இல் சிகாகோவில் கூடிய புள்ளிவிவர நிபுணர்கள் அதை ஏற்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது 1948-இல். அந்த ஆண்டு வந்த ஆறாவது திருத்தத்தில்தான் ஆளைக் கொல்லாத வியாதிகளும் முறையாக இடம்பெற்றன. கண் வியாதி ஆளைக் கொல்வதில்லை. மரணப் பதிவேட்டை மட்டும் நம்பினால், பார்வை போன ஆயிரம் பேரும் கடைசியில் மாரடைப்பிலோ முதுமையிலோ இறந்தவர்களாகத்தான் தெரிவார்கள்.

பத்தாவது திருத்தம் 1990-இல் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவிலும் வழக்கில் இருப்பது அதுதான். பதினோராவது திருத்தம் 2022 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. நாடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறி வருகின்றன. பத்தாவது புத்தகத்தில் கருவிழி வியாதிகள் எச் 16 முதல் வருகின்றன. எச் 16 என்றால் கருவிழி அழற்சி, அதில் 16.0 புண். எச் 17 என்றால் தழும்பு, அதாவது ஊரார் சொல்லும் பூ. எச் 18-இல் மற்றவை.

இங்கே ஒரு குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாவது புத்தகத்தில் எச் 16.0 என்பது ஒரே பெட்டி. பாக்டீரியாப் புண்ணும் அதில்தான், காளான் புண்ணும் அதில்தான். காளான் என்று தெரிவிக்க வேண்டுமானால் தொற்று நோய் அதிகாரத்திலிருந்து இன்னொரு எண்ணைச் சேர்த்து எழுத வேண்டும். வலது, இடது என்ற பேதமும் கிடையாது. அமெரிக்கர்கள் தங்கள் தேவைக்கு அந்தப் புத்தகத்தை விரித்துக் கொண்டார்கள். இந்தியா விரித்துக் கொள்ளவில்லை.

ஆனால் அதே புத்தகத்தில் வேறோர் இடம் இருக்கிறது. காயத்துக்குக் காரணம் சொல்லும் அதிகாரம் அது. அங்கே "டபிள்யூ 60" என்று ஓர் எண். முள்ளோ, செடியின் கூர்மையோ, கூரான இலையோ பட்டது என்று பொருள். அதற்குப் பின்னால் 7 என்று ஒரு புள்ளி எண் போட்டால், பட்ட இடம் வயல் என்று பொருள். கண்ணுக்குள் அந்நியப் பொருள் போனால் "டபிள்யூ 44". எங்கோ ஜெனிவாவில் உட்கார்ந்து புத்தகம் தயாரித்தவர்கள், கண்ணில் வயலின் தூசு விழும் என்பதை மறக்கவில்லை. இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நிரப்பத்தான் இங்கே ஆள் இல்லை.

காரணம் தெரிந்தால் என்ன லாபம்?

புண் புண்தானே, மருந்து போட்டால் ஆறாதா என்று கேட்கலாம். ஆறாது என்பதுதான் விஷயம்.

கருவிழி என்பது கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் படலம். நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. பிராண வாயுவைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வாங்கிக் கொள்கிறது. மேல் தோல் மட்டும் உரசினால் ஓரிரு நாளில் தானே மூடிக் கொள்ளும், தழும்பு இல்லாமல். கிருமி உள்ளே இறங்கி அடிப்படலத்தைத் தின்றுவிட்டால் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். சாளரக் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

உள்ளே இறங்குவது பாக்டீரியாவா, காளானா என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது. மண்ணிலும் செடியிலும் வைக்கோலிலும் வாழ்கிற காளான்கள் உண்டு; சுணையோடு சேர்ந்து அவையும் கண்ணுக்குள் போகின்றன. பாக்டீரியாவுக்கான மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ இன்னும் மோசம். முதலில் சிவப்பு குறையும், உறுத்தல் குறையும், "நல்ல மருந்து" என்று பெயரும் வாங்கும். உள்ளே காளான் தங்கு தடையில்லாமல் வளரும்.

மேலை நாட்டில் காளான் புண் என்பது பெரும்பாலும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் தொல்லை. தமிழ்நாட்டில் அது உழைப்பவனின் தொல்லை. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர்கள் முறையாக ஆராய்ந்தார்கள். 284 பேருக்குக் கண்ணில் அடியோ உரசலோ பட்டிருந்தது. கிருமி வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி தெரிந்தது. அதில் பாக்டீரியா மட்டும் 140 பேருக்கு. காளான் மட்டும் 139 பேருக்கு. சரிபாதி! அந்த ஆராய்ச்சி செய்யாதிருந்தால், பாதிப் பேருக்குப் பொருந்தாத மருந்தை எழுதிக் கொண்டிருக்கிறோம் என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்?

அதே மதுரை ஜில்லாவில் 1993-ஆம் ஆண்டுக்கு இன்னொரு கணக்கு எடுத்தார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் 1980-களில் எடுத்த கணக்கு, லட்சத்துக்கு 11. பத்து மடங்கு வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், லட்சத்தில் 11 பேருக்கு வரும் நாட்டில் ஒவ்வொரு புண்ணுக்கும் எண் உண்டு, கண்ணுக்குக் கண் தனி எண் உண்டு. லட்சத்தில் 113 பேருக்கு வரும் ஊரில், யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால்தான் கணக்கு.

அந்த மதுரைக் கணக்குக்கும் முப்பது ஆண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அதைக் கன்னியாகுமரிக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. இது வேறு மண். பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் நெல் வயல் ஒரு பக்கம். குலசேகரம் பக்கம் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். தென்னையும் பனையும் ஏறுகிறவர்கள். கடற்கரையில் தூண்டிலும் வலையும். ஒவ்வொரு தொழிலிலும் கண்ணுக்கு வரும் ஆபத்து ஒவ்வொரு விதம். வயல்கள் மனைகளாகிப் போனதால் சுணை குறைந்திருக்கலாம். கட்டட வேலை பெருகியதால் சிமெண்டும் இரும்புப் பொறியும் கூடியிருக்கலாம். ஆசுபத்திரிச் சீட்டில் எண் இருந்தால் இதை ஊகிக்க வேண்டியதில்லை, கூட்டிப் பார்த்தால் போதும்.

எண்ணியதால் வந்த மருந்து

கணக்கு எடுத்தால் பலன் உண்டா என்பதற்கு வெளியே தேட வேண்டாம். ஒரு காலத்தில் இந்தியாவில் ஏழைக் குழந்தைகளின் கருவிழி வெந்தது போல உருகிப் போகும் வியாதி பரவலாக இருந்தது. வைட்டமின் ஏ குறைவுதான் காரணம். எண் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி அல்ல, ஒரு வீடே உண்டு: ஈ 50. மாலைக் கண்ணுக்கு ஒரு அறை, வெண்விழியில் நுரை போன்ற திட்டுக்கு ஒரு அறை, கருவிழி உலர்ந்தால் ஒன்று, புண்ணானால் ஒன்று, உருகினால் ஒன்று, ஆறிய தழும்புக்கும் ஒன்று. காரணமும் படியும் இப்படித் தெளிவாகத் தெரிந்திருந்த வியாதி அது. 1970-இல் சர்க்கார் ஒரு திட்டம் போட்டு, சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுக்கத் தொடங்கியது. ஈ 50 என்று எழுதும்படியான குழந்தையை இன்று இளம் டாக்டர்கள் அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். சாப்பாடு மேம்பட்டதும் அம்மை தடுப்பூசியும் அதற்குத் துணை செய்தன. முழுப் புகழும் திட்டத்துக்கே என்று சொல்ல முடியாது.

சுணை பட்ட கண்ணுக்கும் மலிவான மருந்து இருக்கிறது. நேபாளத்தில் பக்தபூர் என்ற ஜில்லாவில் கிராம ஊழியர்களைப் பழக்கி ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2001-இல் வெளியாயிற்று. கண்ணில் உரசல் பட்டவர்களுக்கு குளோராம்பெனிகால் களிம்பு, நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். அவ்வளவுதான். 442 பேருக்குக் கொடுத்தார்கள். பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்ட 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நான்கு பேருக்கு வந்தது. ஒரு நாள் தாண்டி, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுணை பட்டவள் புதன்கிழமை காலையில் களிம்பு போட்டிருந்தால் கண் தப்பியது. வெள்ளிக்கிழமை மருந்துக் கடைக்குப் போனதால் பூ விழுந்தது. நடுவே போனது இரண்டு நாள்.

தடை சொல்பவர்கள்

"வெளிநோயாளர் வரிசை தெருவரை நிற்கிறது, டாக்டர் கண்ணைப் பார்ப்பாரா, எண்ணைப் பார்ப்பாரா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. டாக்டர் எண் எழுத வேண்டாம். எந்தக் கண், என்ன பட்டது, எப்போது பட்டது என்று மூன்று சொல் எழுதட்டும். "இடது, நெல் சுணை, செவ்வாய்" என்று எழுத எத்தனை நொடி ஆகும்? எண் போடுவது குமாஸ்தா வேலை. அந்த வேலை தெரிந்த பிள்ளைகளுக்கா இந்த ஜில்லாவில் பஞ்சம்? வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய் அமெரிக்கக் கண்ணுக்கு எண் போடுகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஜில்லாவிலேயே உத்தியோகம் கொடுத்தால், ஆரம்ப சுகாதார நிலையங்களின் கண் சீட்டுகள் முழுவதையும் அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

காளானா, பாக்டீரியாவா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொரு தடை. எல்லா இடத்திலும் முடியாதுதான். ஆனால் புண்ணிலிருந்து துளி சுரண்டி, பொட்டாஷியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காளான் இழை தெரியும். பெரிய செலவு இல்லாத பரிசோதனை அது. நெய்யூரில் 1838-இலேயே மிஷன் வைத்தியம் தொடங்கிய ஜில்லா இது. ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பார்க்க முடியாத இடத்தில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் புத்தகத்தில் எண் உண்டு.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே எண்ணுக்கு மதிப்பு வருவது பணம் வரும்போதுதான். ஆயுஷ்மான் பாரத் போன்ற காப்பீட்டுத் திட்டங்கள் ஆசுபத்திரியில் படுத்துச் செய்து கொள்ளும் வைத்தியத்துக்கு. அங்கே ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எண், ரூபாய், ரசீது எல்லாம் ஒழுங்காக இருக்கும். சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போகிறவளுக்கு ரசீது இல்லை. அதனால் எண்ணும் இல்லை. பூ விழுந்து, பார்வை போய், மாற்றுக் கருவிழி வைக்கப் படுக்கையில் சேர்ந்தால் அன்றைக்கு அவளுக்கு எண் கிடைக்கும். 1945-இலேயே எழும்பூரில் கண் வங்கி தொடங்கிய ராஜ்யம் இது. தானம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் தானமாக வரும் கருவிழி எல்லோருக்கும் போதாது. காளான் தின்ற கண்ணில் வைத்தால் அது நிலைப்பதும் கஷ்டம். களிம்புக் குழாயின் விலையோ சில ரூபாய்.

பணத்துக்காக மட்டும் எழுதப்படும் எண், பணம் இருக்கும் திசையிலேயே வளையும். ஆகவே இந்தக் கணக்கைக் காப்பீட்டோடு கட்டாமல், சுகாதார இலாகாவின் மாதக் கணக்கோடு கட்ட வேண்டும். காய்ச்சல் எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை என்று வாராவாரம் மேலே போகிறதல்லவா? அந்தத் தாளில் "கருவிழிக் காயம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எந்த ஊர், எந்த மாதம், எந்தத் தொழில் என்று ஆறே மாதத்தில் படம் தெரிந்துவிடும். பூதப்பாண்டியில் புரட்டாசியிலும் மாசியிலும் எண் ஏறினால் அது நெல். குலசேகரத்தில் ஏறினால் அது வேறு. களிம்பை எங்கே, எப்போது அனுப்ப வேண்டும் என்று ஜில்லா அதிகாரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கொண்டு போய்ச் சேர்க்கவும் ஆள் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் ஊழியர்கள் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். கிராம சுகாதார செவிலியர்களும் இருக்கிறார்கள். அந்தப் பையில் பத்துக் குழாய் களிம்பும், "இடது, சுணை, செவ்வாய்" என்று எழுத ஒரு சிறு நோட்டும் சேர்ந்தால் பை ஒன்றும் கனத்துவிடாது. கண்ணில் புண் வெள்ளையாகத் தெரிந்துவிட்டால் களிம்போடு நிற்காமல் உடனே கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

கும்பப்பூ அறுவடை மாசியில் தொடங்கும். நோட்டு அச்சடிக்கவும் களிம்பு வாங்கவும் அதற்குள் நேரம் இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் மட்டும் இந்த ஒரு பூவுக்குச் செய்து பார்க்கலாம்.